ஜன்னல் சட்டத்துக்கு முன்னால் இருசம்மாள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். முப்பது வருஷத்துக்கு மேலாக எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்னை நாடக நடிகனாக்கிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். இந்தத் தடவை நான் உண்மையில் இருந்த இடத்திலேயே, மூன்றாம் வரிசையில், உட்காருகிறேன்.

2

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். வெட்டிப்போட்ட புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே... (இந்த வாக்கியத்தை முடித்தால் கதை மரங்களைப் பற்றியதாகிவிடும். விடுகிறேன்.) பஸ் ஓடவில்லை. கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வந்த நாடகக் குழு ஒன்றும் அவர்களோடு மாட்டியிருந்தது. ஒரு மத்தியானம், சும்மா இருப்பதற்கு நாடகமே போடுகிறோம் என்றார்கள். ஆபீஸ் திறக்காததால் நானும் போனேன்.

நான் அப்போது சாதிச் சான்றிதழ் மனுக்களை வாங்கும் குமாஸ்தா. (எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை.)

3

மேடையில் ஒரு மர ஜன்னல் சட்டம் மட்டும். சுவர் கிடையாது. ஒருவன் வந்து, தான் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் கேட்கிறான். சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி, "உன் நிழலைக் கூட்டி வா, அது கையெழுத்துப் போடட்டும்" என்கிறார். கூட்டிவந்தால், "இது நேற்றைய நிழல்" என்கிறார். சுற்றி நடந்தால் உள்ளே போய்விடலாம். அவன் கடைசிவரை சுற்றவில்லை.

பக்கத்திலிருந்தவர், "இன்னாய்யா இது, தலயும் புரியல காலும் புரியல" என்றார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து இருசம்மாள் எழுந்தார்.

அவரை எனக்குத் தெரியும். வெள்ளிமலைக்காரர். மகள் பாப்பாத்தியை நர்ஸ் பயிற்சியில் சேர்க்கப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு நான்கு தடவை மலையிறங்கி வந்தவர். ஒவ்வொரு தடவையும் ஏதோ குறை சொல்லி, அப்படியே வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை என்று புதிதாக எழுதி வரச் சொன்னேன். ஐந்தாம் தடவை புது மனுவோடு வந்தவர், ஆபீஸும் பஸ்ஸும் இல்லாமல் இந்த மண்டபத்தில் மாட்டிக்கொண்டார். பழைய மனுக்கள் என் காகிதக் கட்டுக்குள் கிடந்தன. ரோட்டை மறித்தவர்கள் இடஒதுக்கீட்டில் தங்களுக்கு இன்னும் வராத பங்கைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்கு எப்போதோ வந்துவிட்ட பங்கு என் மேஜையில் இருந்தது. விண்ணப்பம் அனுப்ப இன்னும் இரண்டே நாள்.

மேடையேறி, இடுப்பில் செருகியிருந்த மனுவை எடுத்து ஜன்னல் சட்டத்துக்குள் நீட்டினார்.

அதிகாரியாக நடித்த கலீலுல்லா திகைத்துப்போனார். "அம்மா, நான் ஆபீசர் இல்லம்மா. சும்மா நடிக்கறேன்."

"ஆபீசுல குந்திக்கினு இருக்கறவரும் எனக்கு அதிகாரம் இல்லன்னுதான் சொல்றாரு. நீங்களாவது வாங்கிக்கினு பாருங்க சார்."

மண்டபமே சிரித்தது. நானும். சிரிப்பு வந்த பக்கம் அவர் திரும்பினார். என்னைப் பார்த்தாரா என்று...

கலீலுல்லா சிரிக்கவில்லை. மனுவை இரண்டு கையாலும் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நின்று படித்தார். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். நான் அதை ஒரு தடவைகூட முழுக்கப் படித்ததில்லை.

இருசம்மாள் இறங்கி நேராக வெளியே போனார். நாடகம் தொடர்ந்தது.

4

இங்கே ஒரு முடிவு எழுதிவைத்திருந்தேன்: அவர் பின்னால் ஓடுகிறேன், தாசில்தார் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். பொய். நாடகம் முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

ரோடு திறந்த பிறகு அவருடைய மனுக்களைத் தேடியெடுத்துப் படித்தேன். முதல் மனுவிலேயே எந்தக் குறையும் இல்லை. பத்து நாளில் சான்றிதழ் தயாரானது. கடைசி நாள் போய்விட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மலையேற எனக்குத் தைரியம் வர இரண்டு மாதம் ஆயிற்று.

அதற்குள் பாப்பாத்தி குடகுப் பக்கம் காப்பி பறிக்கப் போய்விட்டாள். இருசம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். சான்றிதழை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை.

"அடுத்த வருசத்துக்கு ஆவுங்களா சார்?"

"ஆவும்மா."

சான்றிதழை மடித்து இடுப்பில் செருகினார். பிறகு கேட்டார்: "அன்னிக்கி நான் பாதியிலயே வந்துட்டனுங்க. அந்த ஆளுக்குக் கடைசியில சீட்டு குடுத்தாங்களா?"

5

நாடகத்தில் கொடுக்கவில்லை.

"குடுத்தாங்கம்மா" என்று நான் சொன்னதாக ஒரு பிரதி எழுதினேன். "குடுக்கலம்மா" என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். முறத்தைப் பிடித்தபடி அவர் என் முகத்தைப் பார்த்து நிற்கிறார். அவர் கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

நீங்கள் சொல்லுங்கள்.