வலது மூலையில் ஒரு குரல்

முதலில் பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பர் வரத்து நின்றது. எங்கள் கூடைப்பந்தின் உள்ளே காற்றடைக்கும் ரப்பர் பிளாடர் ஒட்டுமேல் ஒட்டு வாங்கி ஒருநாள் அடியோடு கிழிந்தது. மவுண்ட் ரோடு கடைகளில் வேறு பிளாடர் கேட்டால் சிரித்தார்கள். சாந்தோம் மாதா கோயில் பங்கு வாலிபர் சங்கத்து டீமுக்கு நான்தான் காப்டன். வேறு வழியில்லாமல் பந்தே இல்லாமல் பயிற்சி நடத்தினேன்.

காலையில் கடற்கரை மணலில் ஓட்டம். சாயங்காலம் மைதானத்தில் வெறுங்கையோடு ஆட்டம். இல்லாத பந்தைத் தட்ட வேண்டும், எறிய வேண்டும், பிடிக்க வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டிருந்த கண், ஆளைப் பார்க்கப் பழகட்டும் என்று நினைத்தேன். பழகத்தான் செய்தது. இல்லாத பந்துக்குச் சண்டைகூட வந்தது.

"நான் கரீட்டா குட்த்தேன். அவன்தான் உட்டுட்டான்" என்பான் அகஸ்டின்.

"யார் உட்டது? இந்தா, கைல கீது பாரு!"

காஸ்பர் மட்டும் எப்போதும் வலது மூலைக்கே எறிந்தான். அங்கே யாரும் இல்லை.

அது சுயம்புலிங்கத்தின் மூலை. அவன் அப்பாவுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. சித்திரையில், குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானபோது, அவர்களும் கடையைப் பூட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரான திசையன்விளைக்குப் போய்விட்டார்கள். ஆட்டத்தில் பந்து வேண்டுமானால் சுயம்பு "ஏலே!" என்று ஒரு சத்தம் போடுவான். காஸ்பர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். சத்தம் வந்த இடத்துக்குப் பந்து போய்விடும்.

"அங்கே யாருடா இருக்கா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல, காப்டன்."

"பின்னே ஏன் எறியறே?"

"பந்துந்தான் இல்லியே."

ஆவணியில் ஹபீபுர் ரஹ்மான் வந்து சேர்ந்தான். பெங்களூரில் இருக்கும் மாமு அனுப்பினார் என்று ஒரு புது பிளாடரும் கொண்டுவந்தான். வலது மூலையை அவனுக்குக் கொடுத்தேன். நல்ல கை. ஆனால் காஸ்பரிடமிருந்து அவனுக்குப் பந்து தாமதித்தே வரும், எதிராளி வந்து மறைத்த பிறகு.

யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் பயிற்சியில் ரஹ்மான் "ஏலே!" என்று கத்தினான். பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். காஸ்பர் நடந்து போய் அவன் கையிலிருந்து பந்தை வாங்கினான்.

"அத்த நீ சொல்லாத. வேற இன்னா வேணா சொல்லிக்கோ."

"சரி நைனா. கைய தூக்கினு நிக்கிறேன். நீ கண்ணத் தொறந்து பாரு."

அதன்பின் பந்து வேண்டுமானால் ரஹ்மான் கையை மட்டும் தூக்கினான். நான் காஸ்பரைத் தனியாக அழைத்தேன். "உன் காலும் கையும் இங்கே இருக்கு. மனசு திசையன்விளையிலே இருக்கு. மேட்ச்சிலே இதனால் பந்து போச்சுன்னா உன்னை வெளியே உட்கார வைப்பேன்." தலையை ஆட்டினான்.

சைதாப்பேட்டை டீமோடு எங்கள் மைதானத்திலேயே மேட்ச். கடைசிக் கட்டத்தில் இரு பக்கமும் சமம். பந்து காஸ்பர் கையில் இருந்தது. மூலையில் ரஹ்மான் இரு கைகளையும் தூக்கியபடி தனியாக நின்றான்.

"ஏலே!"

பந்து ரஹ்மான் தலைக்கு மேலே பறந்து, கோட்டைத் தாண்டி, கூட்டத்தில் வேட்டி கட்டி நின்ற ஒருவன் கையில் பத்திரமாக விழுந்தது. சுயம்புலிங்கம்!

விசில் ஊதினார்கள். பந்து சைதாப்பேட்டைக்குப் போனது. அவர்கள் உடனே கூடையில் போட்டார்கள்.

"இன்னாபா, வேட்டி கட்னவனுக்கு பாஸ் குடுக்கிறான்!" என்று கூட்டம் சிரித்தது.

காஸ்பரை வெளியேற்றி அகஸ்டினை இறக்கினேன். அவன் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராகப் போய் சுயம்புவின் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். ஆட்டம் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் அவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது.

"ஏலே, அவனுக்குக் குடுன்னு சொல்ல வந்தேன். மிச்சத்தச் சொல்லுமுன்ன எறிஞ்சிட்ட."

"எப்ப வந்த?"

"காலைல. மிச்சச் சரக்க எடுக்க வந்தேன். இப்ப எழும்பூர் போவணும், வண்டிக்கு."

"திரும்பி எப்ப வருவ?"

"கடைய வித்தாச்சுல்லா."



நேரம் முடியப்போகிறது. பந்து என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் சுவர் மாதிரி நின்றார்கள். எங்கே எறிவதென்று தெரியவில்லை.

"ஏலே!"

மூலையிலிருந்துதான் வந்தது. ஆனால் அது சுயம்புவின் குரல் இல்லை. பட்டணத்து வாயில் அந்தச் சொல் சரியாக உட்காரவும் இல்லை. பார்க்காமலே எறிந்தேன். ரஹ்மான் பிடித்தான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

இருட்டத் தொடங்கியதால் மேட்ச் சமமாகவே முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது காஸ்பர் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். ரஹ்மான் வேர்க்க விறுவிறுக்கப் போய், காலியாகியிருந்த பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அத்த சொல்லாதன்னியே நைனா. நீ மட்டும் சொல்லலாமா?"

"ஒனக்காகத்தான் சொன்னேன்" என்றான் காஸ்பர். அவன் பார்வை சாலையிலேயே இருந்தது.