ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது

கள்ளிக்குப்பம் பள்ளிக்கு ‘கதைத்தடம்’ இணையதளத்தைக் கொண்டுவந்தது மைதிலிதான். அதை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் கதைத்தடத்தைப் பற்றிப் பேசும் யாராவது அவள் பெயரைச் சொல்ல மறந்துவிட்டால், அன்றைக்கு மதியச் சாப்பாடு அவளுக்கு இறங்காது.

பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. திரையில் ஒரு வரைபடம் விரியும். ஓர் இடத்தைத் தொட்டால் சிவப்பாகப் புள்ளி விழும். அந்த இடத்தைப் பற்றிப் பிள்ளைகள் கதை எழுதி, படம் சேர்க்கலாம். மைதிலியின் எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவுப் பிள்ளைகள் அம்பத்தூர் முழுவதையும் புள்ளிகளால் நிறைத்திருந்தார்கள். ஏரிக்கரை, எஸ்டேட் வாசல், ஓ.டி. பஸ் நிலையத்தில் இருக்கும் பரோட்டாக் கடை என்று எதையும் விடவில்லை. ஆண்டு விழாவில் தலைமையாசிரியை கோமளா அதைத் திரையில் போட்டுக் காட்டி, மைதிலியை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். அந்தச் சால்வை இன்னும் பீரோவில் அதன் உறைக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

போன ஜூனில் உஸ்மா வந்து சேர்ந்தாள். பூந்தமல்லிக்காரி. மெலிந்த உருவம், உரத்த சிரிப்பு. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவை அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த வகுப்பில்தான் மைதிலியின் மகள் லாவண்யா படித்தாள். அம்மாவே பாடம் எடுத்தால் மற்ற பிள்ளைகள் ஏதாவது சொல்வார்கள் என்று, மகளை வேறு பிரிவில் போடச் சொன்னதும் மைதிலிதான்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஆகஸ்டு மாதத்திலேயே தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் காலையில் பல் தேய்க்கும்போதே லாவண்யா ஆரம்பித்துவிடுவாள். உஸ்மா மிஸ் இப்படிச் சொன்னாங்க, உஸ்மா மிஸ் பேனாவ இப்படித்தான் பிடிப்பாங்க, உஸ்மா மிஸ்ஸுக்கு வெண்டைக்காய் பிடிக்காது. பதினைந்து வருடமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தன்னைப் பற்றி எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை இப்படிப் பேசுமா என்று மைதிலி யோசித்துப் பார்ப்பாள். பேசும் என்று சொல்ல அவளுக்கே தைரியம் வரவில்லை.

இந்த நிலையில்தான் கதைத்தடத்தில் புதிய வசதிகள் வந்தன. ஆசிரியர் அறையில் உஸ்மா தன் போனில் அந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினாள்.

“மிஸ், இனிமே வெறும் புள்ளி மட்டும் இல்லையாம். ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குக் கோடு போட்டு வழி காட்டலாமாம். எழுத வராத பசங்க பேசியே பதிவு பண்ணலாமாம். சூப்பர்ல?”

“பேசிப் பதிவு பண்ணிட்டா அப்புறம் எழுதறதுக்கு எப்போ பழகுவாங்க?” என்றாள் மைதிலி.

“முதல்ல பேசட்டுமே மிஸ். எழுதறது தானா வரும்.”

அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. பிள்ளைகளின் கதைகளைப் பள்ளியின் முதன்மை ஆசிரியர் கேட்டு ஒப்புதல் கொடுத்தால்தான் இனி அவை வெளியே தெரியும். பள்ளியின் பெயரில் முதலில் பதிவு செய்தவள் மைதிலி என்பதால், அந்தப் பொறுப்பு தானாகவே அவள் கணக்குக்கு வந்துவிட்டது. அதைப் படித்தபோது மட்டும் அவளுக்கு அந்தப் புதுப்பிப்பு கொஞ்சம் பிடித்தது.

உஸ்மா சும்மா இருக்கவில்லை. ‘நாங்க வர்ற வழி’ என்று தலைப்புக் கொடுத்து, வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைக் கோடாக வரைந்து, அதைப் பற்றிப் பேசச் சொன்னாள். ஒரு வாரம் அந்த வகுப்பிலிருந்து சிரிப்பும் கூச்சலுமாகக் கேட்டது. வராந்தாவில் நடந்துபோகும் கோமளா அங்கே நின்றுவிடுவார். மைதிலியின் வகுப்பு வாசலைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.

திங்கட்கிழமை கோமளா கூப்பிட்டு அனுப்பினார். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை பள்ளிகளின் கண்காட்சி நடக்கிறது என்றும், ‘ஆ’ பிரிவின் வரைபடத்தை அங்கே கொண்டுபோகலாம் என்றும் சொன்னார்.

“எங்க ‘அ’ பிரிவோட வரைபடம் மேடம்?”

“அது போன வருஷமே எல்லாரும் பார்த்ததுதானே மைதிலி. இது புதுசா இருக்கு. குழந்தைங்க குரலே கேக்குது. நீங்க கொஞ்சம் சீக்கிரம் ஒப்புதல் குடுத்துடுங்க, போதும்.”

போதும் என்ற அந்தச் சொல் மைதிலிக்கு எங்கேயோ போய்த் தைத்தது. கணினி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ‘ஆ’ பிரிவுக் கதைகள் எல்லாம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் ‘ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்று எழுதியிருந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் முதல் கதையைத் திறந்தாள். அபிஷேக்கின் கதை. பரீட்சைத் தாளில் தன் பெயரைத் தவிர எதையும் முழுதாக எழுதாத பையன்.

“எங்க ஊட்டாண்டேர்ந்து நைனா ஆட்டோல ஏத்திகினு வரும். ரெட்டில்ஸ் ரோட்ல ஒரு பள்ளம் கீது. அதாண்ட வந்தா நைனா ‘புட்ச்சிக்கோ’ன்னு கத்தும். பள்ளத்த மூடிட்டாங்க. நைனா இன்னும் கத்திகினுதான் கீது.”

மைதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே கோபம் வந்தது. போன வருடம் ஏழாம் வகுப்பில் இதே பையனுக்குத் தான்தானே பாடம் எடுத்தாள்? தன்னிடம் ஒரு நாளாவது இப்படி வாயைத் திறந்தானா?

அடுத்ததாக லாவண்யாவின் பெயரைத் தேடித் தொட்டாள். மற்றவர்கள் வரைந்த கோடுகள் வரைபடத்தின் குறுக்கே நீளமாக ஓடின. லாவண்யாவின் கோடு நகத்தின் நீளம்கூட இல்லை. ஆவடியிலிருந்து வரும் பெண்ணுக்கு எப்படி இவ்வளவு சின்ன வழி?

“உஸ்மா மிஸ், நான் அம்மா வண்டியில வர்றேன். அம்மா வண்டி ஓட்டிக்கிட்டே பேசுவாங்க. காத்துல பாதிதான் கேக்கும். திருமுல்லைவாயல் வரைக்கும் திட்டு. ஓ.டி. வரைக்கும் பாடம். தண்ணி டேங்க் மூலையில என்னை இறக்கி விட்டுடுவாங்க. டீச்சர் பொண்ணுன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் அப்படிக் கேட்டேன். அங்கேர்ந்து கேட் வரைக்கும் தனியா நடப்பேன். அதுதான் மிஸ் என் வழி. முன்னாடி வர்றதெல்லாம் அம்மாவோட வழி. நான் திரும்பிப் பார்த்தா அம்மா வண்டியக் கிளப்பாம அங்கயே நின்னுக்கிட்டிருப்பாங்க. நான் பாக்கலன்னு நினைச்சுக்குவாங்க.”

மைதிலி மறுபடியும் கேட்டாள். பிறகும் கேட்டாள். மகள் தன்னைத் திரும்பிப் பார்க்கிறாள் என்பது நல்ல செய்திதான். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் நெஞ்சு நிறைந்திருக்கும். ஆனால் ‘உஸ்மா மிஸ்’ என்றல்லவா ஆரம்பிக்கிறாள்? தினமும் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து வருகிறவளுக்கு, இதை என் காதில் சொல்ல ஒரு நாள் கிடைக்கவில்லை. நேற்று வந்தவளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

எந்தக் கதைக்கும் ஒப்புதல் கொடுக்காமல் கணினியை அணைத்தாள்.

மறுநாள் உஸ்மா வந்து கேட்டாள். “சர்வர் கோளாறு போல. பட்டனை அழுத்தினா சுத்திக்கிட்டே இருக்கு,” என்றாள் மைதிலி. அதற்கடுத்த நாளும் அதையே சொன்னாள். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. உஸ்மாவின் முகம் வாடியதைப் பார்த்தபோது வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியது. அந்தக் குளிர்ச்சிக்காக அன்று மாலை முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் ஒப்புதல் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் டேங்க் மூலையில் வண்டி நின்றது. லாவண்யா இறங்கவில்லை.

“ம்மா. என் கதையக் கேட்டல்ல?”

“எந்தக் கதை?”

“பொய் சொல்லாத. யாராவது கேட்டா, கதை சொன்னவங்களுக்கு மட்டும் கீழ கண்ணு மாதிரி ஒண்ணு வரும். பக்கத்துல உன் பேரும் வருது. அதுவும் புது அப்டேட்தான்.”

மைதிலி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

“எனக்கு வந்திருக்கு. அபிஷேக்குக்கும் வந்திருக்காம், போன்ல சொன்னான்,” என்றாள் லாவண்யா. “அவனுக்குக் காய்ச்சல், ஸ்கூலுக்கே வரல. அதனால வேற யாருக்கும் தெரியாது. சர்வர் கோளாறுன்னு உஸ்மா மிஸ் கிளாஸ்ல சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அசிங்கப்படுவல்ல?” லாவண்யா இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “உன்னப் பத்தித் தப்பா எதுவும் பேசலையேம்மா நான். அப்புறம் ஏன்?”

பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டாள். அன்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மைதிலி பிரார்த்தனைக் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் நேராகக் கணினி அறைக்குப் போனாள். ஒவ்வொரு கதையாகத் திறந்து, முழுதாகக் கேட்டு, ஒப்புதல் கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் உஸ்மாவைத் தேடிப் போனாள். உஸ்மா படிக்கட்டருகே வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தாள்.

“உஸ்மா, எல்லாத்துக்கும் குடுத்துட்டேன்.”

“அப்பாடா! சர்வர் சரியாயிடுச்சா மிஸ்?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். மகள் அந்த வழியை அவளுக்காகத் திறந்துதான் வைத்திருந்தாள்.

“சர்வர்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் குடுக்காம வச்சிருந்தேன்.”

உஸ்மாவுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. “ஏன் மிஸ்?”

“என் பொண்ணு வீட்டுல எந்நேரமும் உங்க பேரத்தான் சொல்றா. மேடமும் உங்க கிளாஸ்லதான் நிக்கிறாங்க. என்னால தாங்க முடியல.”

உஸ்மா சிரிக்கவில்லை. பெருந்தன்மையாக எதுவும் சொல்லவுமில்லை. முகம் சிவந்துவிட்டது.

“நேத்து அந்தக் கதைத்தடம் கம்பெனிக்குப் போன் பண்ணி எவ்வளவு கத்தினேன் தெரியுமா மிஸ்? சர்ஃபராஸ்னு ஒரு பையன் எடுத்தான். சர்வர் நல்லாத்தான் இருக்கு மேடம்னு திரும்பத் திரும்பச் சொன்னான். பொய் சொல்றியான்னு கேட்டுட்டேன். பசங்க வேற, நம்ம கதை நல்லா இல்லையா மிஸ்னு தினமும் கேட்டாங்க. எனக்குப் பிடிக்கலன்னு நீங்க என்கிட்ட நேரா சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.”

“தப்புதான்.”

“தப்புதான்,” என்று உஸ்மாவும் சொன்னாள். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று மதியம் மைதிலி கோமளாவிடம் போய், ‘ஆ’ பிரிவுக் கதைகளுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பை உஸ்மாவுக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டாள். காரணம் கேட்டார் கோமளா. சொன்னாள். கோமளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்கு நீங்களும் வாங்க,” என்று மட்டும் சொன்னார். அது தண்டனையா சலுகையா என்று மைதிலிக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை கல்லூரி அரங்கில் அவர்கள் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். உஸ்மா கோடுகளைத் தொடத் தொடப் பிள்ளைகளின் குரல்கள் கேட்டன. அபிஷேக்கின் நைனா கத்தியபோது அரங்கமே சிரித்தது. லாவண்யாவின் கதை முடிந்ததும், தாம்பரம் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை, “யாருப்பா அந்த அம்மா?” என்று கேட்டார். மைதிலி மெல்ல நகரப் பார்த்தாள். லாவண்யா அவள் முந்தானையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். உஸ்மாவும் தட்டினாள், பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு.

கைதட்டல் முடிவதற்குள் லாவண்யா உஸ்மாவிடம் ஓடி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைதிலிக்குப் பழைய இடத்திலேயே சுருக்கென்றது. இது ஒரே நாளில் போகிற வலி இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

திரும்பும்போது திருவேற்காட்டுச் சாலையில் நெரிசல். வண்டி நின்ற இடத்தில் லாவண்யா முன்னால் குனிந்து காதருகே கேட்டாள்.

“ம்மா, உஸ்மா மிஸ்ஸ ஒரு நாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடட்டுமா?”

“அவங்க என்மேல கோவமா இருக்காங்கடி.”

“தெரியும். மிஸ் முகத்துலயே தெரியுது. கூப்பிட்டா வருவாங்களான்னு பாப்போம்.”

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. மைதிலி உடனே வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

“கூப்பிடு,” என்றாள். “வெண்டைக்காய் வேண்டாம். வேற என்ன பிடிக்கும்னு கேட்டு வை.”