கோழி எருத் தண்ணீர்

நாற்றங்கால் மேலாளர் குனிந்து நாத்தனாரின் நாற்றுகளைப் பார்த்தபோது, அண்ணிக்காரி தன் பாத்தியில் களையே இல்லாத இடத்தில் மும்முரமாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"மழையும் நல்லா பேஞ்சிருக்கு, கையும் நல்ல கை. இலையப் பாருங்க, என்ன பளபளப்பு!" என்றார் அவர்.

"ஆமா சார்," என்றாள் அண்ணிக்காரி.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்றவளை, வீட்டிலும் வைத்துக்கொண்டு, இந்தக் காப்புக்காட்டு நாற்றங்காலில் வேலையும் வாங்கிக் கொடுத்தது யார்? இவள்தான். இப்போது பெற்ற பிள்ளை 'அத்தை பக்கத்துல படுத்துக்கறேன்' என்கிறது. கட்டினவனோ, 'என் தங்கச்சி எங்க போனாலும் பேர் வாங்கிடுவா' என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பூரிக்கிறான். இத்தனை வருஷம் இவள் வாங்கின பேரெல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தியோ!

காடு சின்னதுதான். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் வீடுகள். ஆனால் அதன் மண் மிக மிகப் பழசு. மலையாக இருந்தது தேய்ந்து மணலாகி, மழை கழுவிக் கழுவி, சத்து முழுவதும் எந்தக் காலத்திலோ போய்விட்டது. அங்கே உள்ள மரங்கள் பட்டினி கிடந்தே பழகியவை. அவற்றுக்கு எரு என்பது விஷம். போட்டால் முதலில் பச்சைப்பசேலென்று கொழிக்கும், பிறகு இலை ஓரம் கருகி, ஒன்றொன்றாகச் செத்துப்போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செடியைக் கொன்றுதான் இவளே அதைத் தெரிந்துகொண்டாள்.

போன கோடையில் வந்த தீயில் தென்சரிவும், அதிலிருந்த தாய்மரங்களும் போய்விட்டன. அதற்கு முன் பொறுக்கி வைத்த விதையில் முளைத்தவைதான் இந்த இரண்டு பாத்தி நாற்றுகளும். இவை போனால் அந்த மரவகையே இனி இல்லை. மழை முடிவதற்குள் நட வேண்டும். யார் நாற்று நன்றாக வருகிறதோ அவளுக்கு நாற்றங்கால் பொறுப்பு என்று பேச்சு.

'எல்லாத்தையும் நீங்களே அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துடுங்க' என்றுதான் மேலாளர் ஆரம்பத்தில் சொன்னார். சொல்லியும் கொடுத்தாள். வாசலில் செருப்பைத் தேய்த்துக் கழுவாமல் உள்ளே வரக் கூடாது, வெளி மண் ஒரு துளி ஒட்டக் கூடாது, எல்லாம். எருவை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. விட்டுப்போனதுதான், சத்தியமாக. ஆனால் போன மாதம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நாத்தனார் வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்த கோழி எருத் தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருந்ததை இவள் பார்த்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். 'கைராசிக்காரி' என்று அன்று காலை யாரோ நாத்தனாரைச் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். நாலு நாள் ஆடட்டும், பிறகு தெரியும் யார் கை நல்ல கை என்று.

மேலாளர் இவள் பாத்திக்கு வந்தார். "அட, உங்களோடதும் திடீர்னு கிளம்பிடுச்சே! ரெண்டு பேரும் போட்டியா?"

உண்மைதான். இந்த வாரம் இவளுடைய நாற்றுகளும் தளதளவென்று இருந்தன. காடு தன் பக்கம் பேசுகிறது என்று இவள் மனதுக்குள் ஒரு சுற்று ஆடியே விட்டாள்.

அவர் போனதும் நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. உங்க செடி சோந்து கெடந்துச்சா, மனசு கேக்கல. எனக்கு ஊத்துறப்ப உங்களோடதுக்கும் ரெண்டு குவளை ஊத்திட்டேன். கோழி எருத்தண்ணிதான். சார்கிட்ட சொல்லல. அண்ணி கைராசின்னே நெனைக்கட்டும். அந்தப் பொறுப்பு உங்களுக்குத்தான் வரணும்."

அண்ணிக்காரி ஒரு நாற்றின் இலையைத் திருப்பினாள். ஓரத்தில் நூல் போலப் பழுப்பு ஓடியிருந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

"அடிப்பாவி!" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பெரிய தொட்டியைத் தரதரவென்று இழுத்து வந்து குழாயைத் திறந்துவிட்டாள். நாற்று வளர்ந்த பிளாஸ்டிக் பையைக் கிழித்து, நாற்றை எடுத்து, வேரைத் தண்ணீரில் விட்டு அலசினாள். ஒன்று, இன்னொன்று. எரு ஏறிய மண் கரைந்து தண்ணீர் கலங்கியது. நாத்தனார் பயந்துபோய் நின்றாள்.

"என்ன அண்ணி? எரு ஆகாதா?"

"ஆகாது."

"ஐயோ, எனக்குத் தெரியாதே." அவள் தன் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அடியிலைகளிலும் அதே பழுப்பு. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நான் ஊத்துறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

அண்ணிக்காரி அலசுவதை நிறுத்தினாள். கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. நாத்தனார் தன் பாத்தியிலிருந்து ஒரு பையைத் தூக்கிவந்து, தொட்டியின் மறுபக்கம் குந்தி, கிழித்தாள். கலங்கிய தண்ணீரில் இரண்டு நாற்றுகளின் வேர்கள் ஒன்றையொன்று உரசி மிதந்தன.