உச்சம் ஒன்று, தாழ்வு ஐந்து

கோனி பெட்ரில்லோ சுவரில் மாட்டிய வரைபடத்தில் பச்சை மையில் மேல்நோக்கிக் குட்டையாக ஒரு கோடு போட்டாள். சிவப்பு மையில் கீழ்நோக்கி நீளமாக ஒன்று இழுத்தாள். அன்றைக்கு வருஷத்தின் உச்ச விலையைத் தொட்ட பங்குகள் எத்தனை என்பது பச்சை; அடிமட்ட விலையைத் தொட்டவை எத்தனை என்பது சிவப்பு. சில வாரங்களாகச் சிவப்புதான் வளர்ந்துகொண்டிருந்தது. பங்கு விலைகளின் சராசரியான சந்தைக் குறியீடோ ஜோராக ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் பங்குத் தரகுக் கம்பெனியின் முதலாளி எல்வுட் டன்லப்புக்கு அந்தச் சிவப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"குறியீடு கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது, நீ எழவு வீடு மாதிரி படம் போட்டு வெச்சிருக்கே!"

"நாலஞ்சு பெரிய கம்பெனிதான் சார் தூக்கிட்டுப் போகுது. மிச்சமெல்லாம் படுத்துடுச்சு."

"சராசரி ஏறுதுல்ல? அவ்வளவுதான். நாளைக்கு வாடிக்கையாளருக்குப் போற கடிதத்துல இந்தப் படம் வராது. திங்கக்கிழமையிலேருந்து நீ பழையபடி டெலிபோன் மேசைக்குப் போயிடு."

வால் ஸ்ட்ரீட்டில் உள்ள அத்தனை எரிச்சல்காரர்களும் கத்துகிற மேசை அது. அங்கிருந்து தப்பி இந்தப் படச் சுவருக்கு வந்து சேர அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

காபி எடுக்கப் போனாள். காபிப் பானைக்கு மேலே, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் ஆட்டத்துக்கான கம்பெனி அணியின் மதிப்பெண் தாள் தொங்கியது. அணித் தலைவர் டன்லப்தான். தபால் பிரிவு கஸ் பாப்பாஸ் சேர்ந்ததிலிருந்து அணியின் சராசரி எகிறியிருந்தது. அந்தத் தைரியத்தில், பக்கத்துக் கட்டடத்து ஹாலோவெல் கம்பெனியோடு அன்று மாலை மோதுவதற்கு, தோற்றவர் செலவில் மாட்டிறைச்சி விருந்து என்று பந்தயமும் கட்டியிருந்தார்.

கோனி அந்தத் தாளை உற்றுப் பார்த்தாள். காபியை மறந்தாள்.

மதியம் விற்பனையாளர்கள் புடைசூழ டன்லப் வந்தபோது, சுவரில் பெயரில்லாத புதுப் படம் ஒன்று இருந்தது.

"இது எந்தத் துறை?"

"பேரைப் பார்க்காம சொல்லுங்க சார். வாங்கலாமா, விக்கலாமா?"

இத்தனை பேர் முன்னால் கேட்டால் விடுவாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சராசரி ஏறுது. ஆனா உச்சத்துல ஒண்ணே ஒண்ணு. தரையில அஞ்சு கிடக்குது. அட, அந்த ஒண்ணு தடுக்கி விழுந்தா மொத்த வண்டியும் குடைசாயும்! கையில இருந்தா இன்னைக்கே வித்துத் தள்ளுங்கப்பா. என்னம்மா இது, இரும்பா, விமானமா?"

"பௌலிங் சார். நம்ம அணி. உச்சத்துல இருக்கறது கஸ்."

டன்லப் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ அந்த அஞ்சுல..."

"நீங்களும் உண்டு சார்."

விற்பனையாளர் ரூடி ஃபைன்மன் கழுத்துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டான். "சார், வித்துத் தள்ளச் சொன்னீங்களே... விருந்துப் பந்தயத்தை யாரு தலையில கட்டறது?"

"பல்லைக் காட்டாதே!" டன்லப்பின் முகம் காது வரை சிவந்தது. "கோனி, படத்தை அச்சுக்குக் கொடு."

"பௌலிங் படத்தையா சார்?"

"சந்தைப் படத்தைம்மா! அரைப் பக்கத்துக்குப் போடு."

"டெலிபோன் மேசை?"

"அங்கே நாற்காலி இல்லை, போ!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குரல் மட்டும் வெளியே கேட்டது. "ஹாலோவெல், இந்தப் பந்தயத்தைப் பேசாம விட்டுடலாமா? வயிறு வேற சரியில்லை... என்னது? உங்க அணியோட பெரிய ஆட்டக்காரன் கையை உடைச்சுக்கிட்டானா? இன்னைக்கா?"

கதவு படாரென்று திறந்தது. டன்லப்பின் முகத்தில் பல்லைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"பந்தயத்தை ரெட்டிப்பாக்கிட்டேன்! யாருடா சராசரி பொய் சொல்லும்னது? கோனி, அந்தப் படம்..."

கோனி அங்கே இல்லை. சந்தைப் படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல், அச்சகத்தை நோக்கிப் படிகளில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தாள்.