நாற்பத்தொரு வினாடி

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. வேனில் வந்த இருவரும் அதைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினார்கள். தலைமாட்டை வீட்டின் மூத்த மகன் பெரியவன் பிடித்துக்கொண்டான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சாய்த்துத் தூக்கியபோது துணி விலகி அப்பாவின் முகம் தெரிந்தது.

“அண்ணே, இவரு அந்த ‘நானும் மனுஷன்தானே’ சார்தானே?” கால்மாட்டில் இருந்த இளைஞன் மெதுவாகக் கேட்டான்.

“வாய மூடிட்டுத் தூக்குடா” என்றார் வேன்காரர்களில் மூத்தவர்.

பெரியவன் ஒரு கையால் துணியை இழுத்து மூடினான்.

அப்பா ஒரு வணிக வளாகத்தின் பேஸ்மென்டில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுப்பவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு, இடமில்லை என்று சொன்னதற்கு ஒருவன் டோக்கனை அவர் முகத்தில் விட்டெறிந்தான். “நானும் மனுஷன்தானே சார்” என்று அப்பா கத்தினார். பாதியில் குரல் உடைந்தது. இணையத்தில் பரவிய வீடியோ மொத்தம் நான்கு வினாடி. ஒருவர் அதற்கு டிரம்ஸ் சேர்த்தார். இன்னொருவர் குரல் உடைந்த இடத்தில் ஆடு கத்துவதை ஒட்டினார். பரீட்சையில் தோற்றாலும் கிரிக்கெட்டில் தோற்றாலும் அந்த முகம்தான். காரில் வந்து, “ஒரு தடவ சொல்லுங்க சார்” என்று கேட்டார்கள். அப்பா வண்டி அதிகம் வராத மூன்றாவது பேஸ்மென்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

எடுத்தது யாரென்று கேட்டால், “யாரோ ஒரு பையன், சரியாப் பாக்கல” என்பார்.

எடுத்தது பெரியவன். மதியச் சாப்பாடு கொண்டுபோனவன், தூணோரம் நின்று எடுத்து, வேறு பெயரில் வைத்திருந்த சேனலில் போட்டான். மூன்றாம் நாள் பயந்துபோய் அழித்தான். அதற்குள் அது ஊரார் கையில் ஆயிரம் துண்டாகியிருந்தது.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியாயிற்று. மாமா நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். “இருபது சொன்னா நாப்பது கொண்டாந்து எறக்கியிருக்கான். உங்கப்பன் கல்யாணத்துக்கே இத்தன பேர் வரல.”

அம்மா சின்னவளிடம் திரும்பினாள்.

“அவரு பேசுனது எதுலயாவது இருக்காடி?”

“போனத் தூக்குனாலே மூஞ்சியத் திருப்பிக்குவாரேம்மா. அது ஒண்ணுதான் இருக்கு.”

“அது வேணாம்.”

“எந்தப் பாவி எடுத்தானோ. கையில கெடச்சா நாலு வார்த்த கேக்கணும்னு இருந்தேன்” என்றார் மாமா.

பெரியவன் சட்டைப்பையைத் தொட்டான். பேசாமல் இருந்துவிடலாம். அப்பாவே சொல்லாததை இனி யார் சொல்லப்போகிறார்கள்? அம்மா இன்னும் சின்னவளின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுசா எங்கிட்ட இருக்கு” என்றான்.

“முழுசான்னா? உனக்கு எப்படிண்ணா…” சின்னவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மாமா ஒரு நாற்காலியைப் பாதி விரித்தபடி நின்றார். அம்மா மட்டும், “போடு” என்றாள்.

ஹாரன். வசவு. அப்பாவின் கத்தல். பெரியவன் வெட்டியிருந்தது அந்த இடத்தில்தான். அதன் பிறகும் ஓடியது. கார் போய்விட்டது. அப்பா குனிந்து தரையில் கிடந்த டோக்கனை எடுத்தார். நிமிர்ந்தவர் நேராகக் கேமராவைப் பார்த்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வந்துட்டியா? வெயில்லயா நடந்து வந்த? அம்மா சாப்பிட்டாளா?”

நாற்பத்தோராவது வினாடியில் படம் ஆடி நின்றது.

மாமா நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வராத அழைப்பைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

“அவருக்குத் தெரியும்” என்றாள் அம்மா.

“தெரியும்மா.”

“உங்கிட்ட ஒண்ணும் கேக்கலயா?”

“இல்ல.”

“எதுக்குடா போட்ட?”

என்னென்னவோ வாயில் வந்தது. “அப்ப சிரிப்பா இருந்துச்சும்மா” என்றான்.

அம்மா தலையை ஆட்டினாள். “முன்னாடி வர்றத வெட்டிரு. கடைசி மட்டும் போதும்” என்றாள்.

கைக்குப் பழகிய வேலை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா போனை வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டாள். அவனுடைய நண்பர்களுக்குச் சாவுச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். அழைப்புகள் வரத் தொடங்கின. அவள் பெயரைப் பார்க்காமலே ஒவ்வொன்றையும் துண்டித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வைத்தாள். பெரியவன் போனுக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, மாமா விட்டுப்போன நாற்காலியை விரித்துப் போட்டான்.