துறைத்தலைவர் அறையில் ஆறு புழுக்கள்

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்தைத் திறந்ததுமே மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. தரையெல்லாம் செத்த எறும்பு. ஆராய்ச்சி மாணவியான அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரு அக்கா மருந்தடிக்கச் சொன்னது?"

துடைப்பத்தோடு நின்ற கூட்டுகிற அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "வேற யாரு? உங்க துறைத்தலைவர்தான். படிச்சவங்க இருக்குற எடத்துல எறும்பு ஊர்றது அசிங்கமாம்."

"அவருக்குத்தான் மொதல்ல மருந்தடிக்கணும்."

அவள் வளர்ப்பது நீலன்கள் என்னும் குட்டி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களை. பலே கில்லாடிகள். எறும்பு வந்து தட்டினால் முதுகிலிருந்து ஒரு சொட்டு இனிப்பைக் கசியவிடும். குடித்த விசுவாசத்துக்கு எறும்பு, குளவியை அண்டவிடாமல் காவல் நிற்கும். குடிக்க எறும்பில்லாவிட்டால் அந்த இனிப்பே முதுகில் தேங்கிப் பூஞ்சை பிடித்து, புழு செத்துவிடும். இருபதில் மிஞ்சியவை ஆறு. ஜன்னலுக்கு வெளியே தொட்டிச் செடியில் இருந்ததால் தப்பியவை. அவையும் போனால் மூன்று வருஷ ஆராய்ச்சி அம்போ. பரம்பரையிலேயே அவள்தான் முதல் பட்டதாரி. 'புழு மேய்க்கவா உன்னப் படிக்க வெச்சோம்' என்று ஏற்கெனவே போனில் அம்மா பாட்டு.

கட்டடம் முழுக்க எறும்பு தேடி அலைந்தாள். மாடிப்படி, கழிப்பறை, குப்பைத்தொட்டி, மருந்தடித்த வாசல் தோட்டம், எங்கும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு எறும்புச் சாரை கண்ணில் பட்டது. அது நேராகத் துறைத்தலைவரின் கதவுக்கடியில் நுழைந்தது.

"அந்த ரூம்ல மட்டும் அடிக்க வேணாம்னுட்டாரும்மா. ஃபைல்ல கறை படுமாம்" என்றாள் அக்கா.

கதவைத் தட்டாமலே திறந்தாள். மேசையின் அடி இழுப்பறை திறந்து கிடந்தது. உள்ளே நாலு பாக்கெட் கிரீம் பிஸ்கட். துறைத்தலைவரின் கன்னம் உப்பியிருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் என்பதும், தினமும் மத்தியானம் அவர் மனைவி போன் போட்டு விசாரிப்பதும் ஊரறிந்த விஷயம்.

"தட்டிட்டு வரத் தெரியாதா?" என்றார், வாய் நிறையப் பிஸ்கட்டோடு.

"எறும்பு தட்டிட்டா சார் வந்துச்சு?"

மத்தியானப் போன் அடித்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்தாள்.

"நான் வேணா எடுத்துப் பேசட்டுமா? மேடம் நல்லா பேசுவாங்க."

"உனக்கு என்னம்மா வேணும்?"

"உங்க மேசை. புழு கூடு கட்டுற வரைக்கும் செடி இங்கதான் இருக்கும். மருந்துப் பாட்டில் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

"சரி, சரி!" என்று விழுங்கிவிட்டுப் போனை எடுத்தார். "சத்தியமா ஒண்ணும் தின்னல தாயி."

எறும்புகள் அரை மணியில் செடியேறிவிட்டன. மூன்றாம் நாள் பார்த்தால், துறைத்தலைவரே பூதக்கண்ணாடியோடு குனிந்து, "யாரும் கதவ வேகமா சாத்தாதீங்கப்பா!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். ஒரு புழு செத்தது. மீதி ஐந்தும் கூடு கட்டி, இரண்டாவது வாரம் வெளிவந்து, சாம்பல் நீலச் சிறகை விரித்து அவர் ஃபைல்கள்மேலேயே உட்கார்ந்தன. ஆய்வு பிழைத்தது.

மறுநாள் அவள் கையெழுத்துக்கு ஒரு தாள் வந்தது. அடுத்த ஆறு மாத ஆய்வுத் தேவைகள். தலைவரே தன் கைப்பட எழுதியிருந்தார். முதல் வரி: 'எறும்புத் தீவனம் – கிரீம் பிஸ்கட், ஐம்பது பாக்கெட்.'

அவள் சிவப்புப் பேனாவால் அதை அடித்து, பக்கத்தில் எழுதினாள்: 'சீனி, கால் கிலோ. என் அறையில் வைக்கவும்.'