மகாராணி வேறு கைக்குப் பால் விடமாட்டாள்

கொட்டகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தாள். விடிந்தும் விடியாத நேரம். கூரை விளிம்பிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே செம்பில் பால் விழும் ஓசை முதலில் ஊசி ஊசியாகக் கேட்டு, பிறகு நுரையில் புதைந்து, கனத்து, ஒரே சீராக வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கறந்துகொண்டிருந்தவர் அவள் கணவர். தபால் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகியும் தெரு அவரை சூப்பிரண்ட் என்றே கூப்பிட்டது. அவரும் திருத்த முயலவில்லை. குரங்குக் குல்லாய், அதன்மேல் மப்ளர், வேட்டிக்கு அடியில் பேன்ட். கம்பத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு நேரம், குளிர், பாலின் அளவு மூன்றையும் சாக்பீஸால் குறித்து, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார். “ஒத்துழைப்புக்கு நன்றி” என்று மாட்டிடம் சொல்வது கேட்டது. மாடும் ஒத்துழைத்துத் தொலைத்தது.

வீட்டில் மாடு இரண்டு. ஒன்று சினையாகிப் பால் வற்றி, முதுகில் சாக்குப் போர்வையோடு சும்மா நிற்கிறது. மற்றது மகாராணி. “என் கையைத் தவிர வேற கைக்கு அவ பால் விடமாட்டா” என்பது ஒன்பது வருஷமாக அந்த வீட்டின் அரசியல் சாசனம். கல்யாணமோ சாவோ, காலையில் கறந்துவிட்டுப் போனால் மாலைக் கறவைக்குத் திரும்பிவிடுவாள். “என்ன பண்றது, ஒரு ராத்திரி தங்க முடியுதா?” என்று அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தாள், சிலர் வெள்ளிப் பாத்திரத்தை வைத்திருப்பதுபோல.

போன வாரம் வலக்கைக் கட்டைவிரல் வெடித்தது. குளிர்காலத்தில் புதிதல்ல, வெந்நீர், சாணம், பச்சைத்தண்ணீர் என்று ஊறி ஊறிக் காய்ந்தால் எந்தத் தோல்தான் தாங்கும்? இந்த முறை சீழ் வைத்துவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, பத்து நாளைக்குக் கை நனையக் கூடாது என்றார். சூப்பிரண்ட் அன்று மாலையே சட்டைக் கையை மடித்துவிட்டார். “முப்பத்தாறு வருஷம் நூத்தம்பது பேரைக் கட்டி மேய்ச்சவன். ஒரு மாடு.”

அவள் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கன்றை முதலில் ஊட்டவிடணும், மடியை வெந்நீரில் கழுவித் துடைக்கணும், விரலில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கணும். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இந்தக் குளிரில் உள்ளங்கை கதகதவென்று ஆகும்வரை அவள் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பாள். அதற்குப் பிறகுதான் காம்பைத் தொடுவாள். சொல்லாதது மறதி இல்லை. பத்து ஐஸ்கட்டி விரல்கள் பட்டதும் மகாராணி விட்ட உதையில் சூப்பிரண்ட் முக்காலியோடு சாணத்தில் உட்கார்ந்தார். அவள் கட்டுப்போட்ட கையால் வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுப் பாலும் கன்றுக்குத்தான்.

மறுநாள் காலை குளிர் தாங்காமல், சூப்பிரண்ட் சூடான டீ டம்ளரை இரண்டு கையாலும் கால் மணி நேரம் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். குடித்தார். போய் உட்கார்ந்தார். பால் இறங்கிவிட்டது. ஒன்பது வருஷ சாசனத்தை ஒரு டம்ளர் டீ ரத்து செய்துவிட்டது.

“எல்லாம் ஒரு அணுகுமுறைப்பா,” என்று இன்று காலை பால் வாங்க வந்த டெய்லரிடம் விளக்கினார். “அதிகாரமும் வேணும், அனுசரணையும் வேணும்.”

“அது சரி சார். தபால்ல வர்ற மாதிரி லேட்டாகாம இருந்தா சரி,” என்றான் டெய்லர், தூக்குவாளியை நீட்டிக்கொண்டே. “அம்மாவுக்கு இனிமே ரெஸ்டுதான்னு சொல்லுங்க.”

அவள் தவிட்டுக்குத் தண்ணீர் சுடவைக்கப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தாற்போல வாசலுக்கு வந்தாள். வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொட்டகைக்குப் போனாள். மகாராணி அவள் கையை மோந்து, தின்ன ஒன்றும் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “நன்றி கெட்ட கழுதை,” என்றாள். மாடு இதை ஆட்சேபிக்கவில்லை.

மாடு கைவிட்டால் அவளுக்கு ஆபத்து ஒன்றே ஒன்றுதான்: அக்கா. எட்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிறாள். கடைசியாக அங்கே போனது ஒன்பது வருஷத்துக்கு முன், அக்கா மகள் கல்யாணத்துக்கு. மேடைக்குக் கூப்பிடும் முன்பு அக்கா அவளை ஓரமாக இழுத்து, “கொஞ்சம் சென்ட் போட்டுக்கோடி, மாட்டு வாடை அடிக்குது,” என்று காதில் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் போட்டோவில் நிற்கவில்லை. “மாடு கத்திட்டிருக்கும்” என்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து எத்தனை அழைப்பு வந்தாலும் மகாராணிதான் பதில் சொன்னது.

பத்து மணிக்கு போன் வந்தது. சூப்பிரண்ட்தான் எடுத்தார். அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் வியாழக்கிழமை.

“மாட்டைப் பத்திக் கவலையே படாதீங்க,” என்று முழங்கினார். “அஞ்சு நாளா நான்தான் கறக்கிறேன். வழக்கத்தைவிடக் கால் லிட்டர் கூட! இவ இனிமே ஃப்ரீ.”

அவள் பாத்திரத்தை நழுவவிட்டாள். போன் அவள் கைக்கு வந்தது.

“அப்ப காரணம் மாடு இல்லடி,” என்றாள் அக்கா.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. நர்ஸ் இருக்கா, மருமக இருக்கா. ஆனா பாத்ரூமுக்கு அவங்க கையைப் பிடிச்சிட்டுப் போக எனக்குக் கூச்சமா இருக்கு. நீன்னா…” நிறுத்தினாள். “வரலேன்னா மாட்டு மேல பழி போடாதே. நேரா சொல்லு.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“ஒன்பது வருஷமா யோசிக்கிறே.”

அக்கா போனை வைத்துவிட்டாள். சூப்பிரண்ட் இன்னும் வெற்றிக் களிப்பில் இருந்தார். “நீ தாராளமா போயிட்டு வா. நான் எல்லாத்தையும் ஒரு முறைக்குக் கொண்டுவந்துட்டேன்.”

“உங்க முறையும் இல்ல மண்ணும் இல்ல. கை சூடா இருந்தா யாருக்கும் விடுவா. டீ டம்ளர்தான் காரணம்.”

அவர் குல்லாயைக் கழற்றினார். தலைமுடி குத்திட்டு நின்றது. “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே என்னை உதை வாங்க விட்டியா?”

“ஆமாங்க.”

நீண்ட விசாரணை வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, “சரி, உங்க அக்காவுக்கு எந்த முட்டி?” என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் அவளுக்குக் கண் கலங்கியது. ஏன் என்று பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை அவள் பெரிய சாலையில் நின்றாள். பையில் மூன்று புடவை, ஒரு ஸ்வெட்டர். மூன்று தடவை வீட்டுப்பக்கம் நாலடி நடந்துபோய்த் திரும்பினாள். பனி எதிர்ப்புறத்து மரத்தையே விழுங்கியிருந்தது. நனைந்த தார்ச்சாலை பத்தடிக்கு மேல் இல்லை, அதற்கப்பால் வெறும் வெண்மை. எங்கோ ஒரு ஹாரன். கொஞ்ச நேரத்தில் வெண்மைக்குள் இரண்டு மஞ்சள் கறைகள் தோன்றிப் பெரிதாகின. பஸ்ஸா லாரியா என்று தெரியவில்லை. தெரியும்வரை காத்திருந்தால் தாண்டிப் போய்விடும். அவள் கையை நீட்டினாள்.